மின்சைக்கிள் பேட்டரி எத்தனை வருடம் தாங்கும்?

கேள்வி: "அண்ணே, யீஷூனில் இருக்கிறேன். வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போய்வர ஒரு மின்சைக்கிள் வாங்கலாம் என்றிருக்கிறேன். பேட்டரி ஐந்து வருடம் தாங்கும் என்கிறார் கடைக்காரர். சாப்பாடு டெலிவரி ஓட்டும் என் மச்சானோ, அவருடையது ஒன்றரை வருடத்திலேயே படுத்துவிட்டது என்கிறார். யார் சொல்வதை நம்புவது? சீக்கிரம் போகாமல் இருக்க ஏதாவது வழி உண்டா?"

தம்பி, இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒரே மாதிரி பேட்டரியை ஒரே கடையில் வாங்கினாலும் உங்கள் மச்சானுக்கு ஒன்றரை வருடம்தான் வரும், உங்களுக்கு நாலைந்து வருடம் வரும். எப்படி என்று கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

இங்கே ஓடும் மடக்குச் சைக்கிள்களில் பரவலாக இருப்பது 36 வோல்ட் பேட்டரி. உங்களுடையது 10.4 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் சுமார் 374 வாட்-மணி, அதாவது பேட்டரியில் சேமிக்க முடிகிற மின்சாரத்தின் அளவு. மிதித்துக்கொண்டே ஓட்டினால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 வாட்-மணி செலவாகும். ஆள் எடை, எதிர்க்காற்று, மேடு, டயரில் இருக்கும் காற்று இதையெல்லாம் பொறுத்து அது ஏழாகவும் இருக்கும், பதினைந்தாகவும் இருக்கும். ஆக, முழு சார்ஜுக்கு 35 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த மாதிரி லித்தியம்-அயன் செல்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் 300 முதல் 500 முழுச் சுற்றுகள். தரமான செல், நிதானமான பயன்பாடு என்றால் அதைத் தாண்டியும் போகும். நூறு சதவீதத்தையும் செலவழித்து மறுபடி ஏற்றினால் அது ஒரு சுற்று. பாதியைச் செலவழித்து ஏற்றினால் அரைச் சுற்றுதான். சார்ஜரை எத்தனை தடவை செருகினீர்கள் என்பது இந்தக் கணக்கில் வராது.

மச்சான் ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓட்டுகிறார், வாரம் ஆறு நாள் என்று வையுங்கள். தினம் ஒன்றேமுக்கால் சுற்று. வருடத்துக்கு 500 சுற்றைத் தாண்டிவிடும். ஒரே வருடத்தில் சொன்ன ஆயுள் முடிந்தது. அதற்கு மேல் ஓட்டிய ஆறு மாதமும் அவருக்கு லாபம். நீங்கள் எம்ஆர்டிக்குப் போக மூன்று, வர மூன்று, மொத்தம் 6 கிலோமீட்டர். ஆறு நாளைக்கு ஒரு சுற்று. 500 சுற்று முடிய எட்டு வருடத்துக்கு மேல் ஆகும்.

அப்படியானால் எட்டு வருடம் வருமா என்றால், வராது. கடைக்காரர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். இந்த பேட்டரி ஓடினாலும் தேயும், சும்மா வைத்திருந்தாலும் தேயும். தினம் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு முதலாவது தேய்மானம் முந்திக்கொள்ளும். நம்மைப் போல மார்க்கெட்டுக்கும் எம்ஆர்டிக்கும் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் ஆளைக் காலி செய்யும். அதுவும் சிங்கப்பூர் வெயிலில்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செல்லுக்குள் கிராஃபைட் பூசிய ஒரு முனை இருக்கிறது. அதன்மேல் முதல் சார்ஜிலேயே மெல்லிய படலம் ஒன்று உருவாகிவிடும். அது இருந்தால்தான் செல் வேலை செய்யும். ஆனால் அந்தப் படலம் வளர்வதை நிறுத்துவதில்லை. வளர வளர லித்தியத்தைத் தின்கிறது. தின்ற லித்தியம் திரும்பி வராது, கொள்ளளவு அந்த அளவுக்குக் குறையும். கூடவே செல்லின் உள்தடையும், அதாவது மின்சாரம் வெளியே வருவதற்குச் செல்லே காட்டும் எதிர்ப்பும், ஏறும். இந்த வேலையை வேகப்படுத்துபவை இரண்டு: வெப்பம், நிறைய சார்ஜோடு சும்மா இருப்பது. இரண்டும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

பேட்டரி யுனிவர்சிட்டி என்ற தளத்தின் ஓர் அட்டவணை இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜோடு ஒரு வருடம் வைத்த பேட்டரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சுகிறது. அதே 25 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் 80. 40 டிகிரியில், 40 சதவீத சார்ஜோடு வைத்தால் 85. 40 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் 65தான். ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது! இப்போதைய செல்கள் இதைவிடக் கொஞ்சம் மேல் என்றாலும் போக்கு அதேதான்.

நம் ஊர் நிலவரத்தை இதோடு பொருத்திப் பாருங்கள். நிழலிலேயே பகலில் 31, 32 டிகிரி. மேற்கு பார்த்த தாழ்வாரத்தில் பிற்பகல் வெயில் விழும் இடத்தில் கறுப்பு உறை போட்ட பேட்டரி நின்றால் அது நாற்பதை எளிதாகத் தாண்டும். ஐரோப்பாவில் எழுதுகிற குறிப்புகளில் பாதி, குளிர்காலத்தில் பேட்டரியை எப்படிக் காப்பது என்பதுதான். நமக்கு அந்தக் கவலை கிடையாது. நமக்கு எல்லா மாதமும் ஏப்ரல்தான்.

சரி, என்ன செய்யலாம்? நான் முதலில் சொல்வது, சைக்கிள் வெளியில் நின்றாலும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள் என்பதுதான். மடக்குச் சைக்கிள்களில் பெரும்பாலும் சீட்டுக் குழாயிலோ சட்டத்திலோ சாவி போட்டுக் கழற்றும்படிதான் வைத்திருப்பார்கள். ஃபிரிட்ஜ் பக்கத்தில், சன்னலோரத்தில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜுக்குள் வைக்கவே வேண்டாம். வெளியே எடுத்ததும் நம் ஈரக்காற்று உள்ளே நீர்த்துளியாகப் படியும்.

அடுத்தது சார்ஜ் பழக்கம். இரவில் செருகிவிட்டுத் தூங்கி, காலையில் நூறு சதவீதத்தோடு கிளம்புவது பலருடைய வழக்கம். உங்களுக்குத் தேவை 6 கிலோமீட்டர். எதற்கு நூறு? முப்பதுக்கும் எண்பதுக்கும் நடுவில் வைத்து ஓட்டினால் மூன்று நாளைக்கு ஒரு தடவை ஏற்றினால் போதும். முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட்டில் நிற்கும். 4.1-இல் நிறுத்தினாலே சுற்றுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பார்கள். ஆனால் இதையே வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதம் ஒரு தடவையாவது முழுதாக ஏற்ற வேண்டும். ஏன் என்று கீழே வருகிறேன். நாளைக்குத் தூரப் பயணம், ஈஸ்ட் கோஸ்ட் வரை பூங்கா இணைப்புப் பாதையில் போகப்போகிறீர்கள் என்றால் தாராளமாக நூறு ஏற்றிக்கொண்டு போங்கள். வாங்கியது ஓட்டத்தானே.

முழுதாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். அது பழைய நிக்கல்-காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது கெடுதல். புது பேட்டரியை முதல் தடவை பன்னிரண்டு மணிநேரம் ஏற்ற வேண்டும் என்பதும் அதே கதைதான். வெயிலில் ஓட்டிவிட்டு வந்தவுடன் சார்ஜில் போடாமல் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். இந்த செல்களைச் சார்ஜ் செய்வதற்கான உச்ச வரம்பு பொதுவாக 45 டிகிரி. மச்சான் மத்தியான ஓட்டம் முடித்து வரும்போது பேட்டரி அதை நெருங்கியிருக்கும். சைக்கிளோடு வரும் 2 ஆம்பியர் சார்ஜர் ஐந்தாறு மணிநேரம் எடுக்கும், எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் 5 ஆம்பியர் விரைவு சார்ஜர் வாங்கிப் போடாதீர்கள்.

இப்போது தேய்ந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம். சுற்றுக் கணக்கு முடிந்த அன்றே பேட்டரி செத்துவிடாது. கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கினால் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு, அவ்வளவுதான். 35 கிலோமீட்டர் போனது 28 போகும். உங்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. மச்சானுக்கு மத்தியானமே தெரிந்துவிடும். எழுபதுக்குக் கீழே வரும்போது இறக்கம் வேகம் பிடிக்கும்.

தூரம் குறைவதற்கு முன்பே தெரியும் அறிகுறி மேட்டில் வரும். சமதரையில் திரை சார்ஜை நாலு கோடாகக் காட்டும். புக்கிட் தீமா பக்கம் ஒரு ஏற்றத்தில் மோட்டாரின் உதவி அளவைக் கூட்டி மிதிக்கிறீர்கள். நாலு சட்டென்று ஒன்றாகும், திரை மங்கும், மோட்டார் நின்றுவிடும். இறங்கி ஒரு நிமிடம் நின்று மறுபடி போட்டால் மூன்று கோடு காட்டிக்கொண்டு சமர்த்தாக ஓடும். இது திரைக் கோளாறு என்று கடையில் திரையை மாற்றியவர்கள் உண்டு. உள்தடை ஏறிய பேட்டரியின் குணம் இது: சுமை வந்தால் வோல்ட் விழும், சுமை போனால் எழும்.

அளந்து பார்க்க ஆசை இருந்தால், மின்செருகியில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. பேட்டரி தானாக நிற்கும் அளவுக்கு ஓட்டிவிட்டு, சார்ஜ் முடியும்வரை எவ்வளவு மின்சாரம் இழுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 374 வாட்-மணி பேட்டரி புதிதில் சுவரிலிருந்து 420 போல இழுக்கும். மிச்சம் சார்ஜரில் சூடாகப் போவது. இரண்டு வருடம் கழித்து 300 இழுத்தால் எங்கே நிற்கிறோம் என்று புரிந்துவிடும். வருடம் ஒரு தடவை செய்தால் போதும். அடிக்கடி சோதித்தால் அந்தச் சோதனையே பேட்டரியைத் தேய்க்கும்.

மேலே விட்ட விஷயத்துக்கு வருகிறேன், மாதம் ஒருமுறை முழு சார்ஜ். உங்கள் பேட்டரி பெட்டிக்குள் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய உருளை செல்கள் 40 இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால்தான் 18650 என்று பெயர். நாலு நாலாக இணைத்து, அப்படிப் பத்துக் குழுக்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள். பத்துக் குழுவும் சேர்ந்தால் 36 வோல்ட். ஊர்வலத்தில் மெதுவாக நடப்பவர் எவரோ அவர் வேகம்தான் ஊர்வலத்தின் வேகம். அதுபோல ஒரு குழு முதலில் காலியானால், பேட்டரியைக் காக்கும் மின்சுற்றான காவல் பலகை மொத்தத்தையும் நிறுத்திவிடும், மற்ற ஒன்பதில் சார்ஜ் மிச்சம் இருந்தாலும். இந்தக் குழுக்களைச் சமன் செய்யும் வேலையைப் பெரும்பாலான பலகைகள் சார்ஜின் கடைசிக் கட்டத்தில்தான் செய்கின்றன. எப்போதும் எண்பதிலேயே பிடுங்கினால் அந்தக் கட்டம் வரவே வராது.

"பேட்டரி போச்சு" என்று தூக்கிப்போடப்படுவதில் கணிசமானவை இந்த ஒரு குழு கெட்ட கேஸ்கள்தான் என்பது என் அபிப்பிராயம். முழு சார்ஜ் ஏறிய பத்துக் குழு பேட்டரி 42 வோல்ட் காட்ட வேண்டும். சார்ஜரில் பச்சை விளக்கு வந்தும் மல்டிமீட்டர் 40.5 காட்டினால், அல்லது இரவு 42 காட்டியது காலையில் தானாகவே வெகுவாக இறங்கியிருந்தால், குழுக்களுக்குள் ஏதோ சமன் கெட்டிருக்கிறது. கனெக்டரில் மழைநீர் போய்ப் பச்சை பிடித்திருந்தாலும் இதே மாதிரி கோளாறு காட்டும், அதையும் ஒரு தடவை பாருங்கள். நம் மழைக்கு அது சகஜம்.

இதைப் படித்துவிட்டு, "ஒரு குழுதானே, திறந்து நாலு செல்லை மாற்றிவிடலாம்" என்று தோன்றும். செய்யாதீர்கள். பழசோடு புதுசைச் சேர்த்தால் புதுசும் பழசும் ஒத்துப்போகாது. சமன் இன்னும் கெடும். வெல்டிங்கில் ஒரு நிக்கல் பட்டை தவறான இடத்தில் உரசினால் நாற்பது செல்லும் ஒரே நேரத்தில் மின்சாரத்தைக் கொட்டும். மாதக் கணக்கில் கிடந்து அடியோடு இறங்கிப்போன பேட்டரியை வேறு சார்ஜரை வைத்து எழுப்புவதும் அதே ரகம். செல் அளவுக்கு மீறி இறங்கி நெடுநாள் கிடந்தால் உள்ளே செம்பு கரைய ஆரம்பிக்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பே உள்ளே குறுக்கிணைப்பாக (ஷார்ட் சர்க்யூட்) மாறும்.

2021 ஜூனில் வுட்லண்ட்ஸில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் லிஃப்டுக்குள் மின்சைக்கிள் தீப்பிடித்து 20 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தது நினைவிருக்கும். இந்த செல்கள் எரிய ஆரம்பித்தால் சில நொடிகளில் அறை முழுக்கப் புகை. அதனால்தான் குடிமைத் தற்காப்புப் படை திரும்பத் திரும்பச் சொல்கிறது: இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், அசல் சார்ஜரையே பயன்படுத்துங்கள், வெளியேறும் வழியில் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். கடைசியில் சொன்னதை நம் வீடுகளில் யாரும் கவனிப்பதில்லை. வாசற்கதவுக்குப் பக்கத்தில்தான் செருகி இருக்கும், அங்கேதான் சைக்கிளும் நிற்கும். தீ அங்கே பிடித்தால் நீங்கள் எந்த வழியாக ஓடுவீர்கள்? இனிப்பு கலந்த கரைப்பான் வாசனை, சீறும் சத்தம், உறை உப்பல், தொட முடியாத சூடு, இதில் எது வந்தாலும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். எல்லாரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டு 995-ஐ அழையுங்கள்.

மாற்று பேட்டரி வாங்கும் நாள் வரும்போது அந்த மாடலுக்கான அசலையே வாங்குங்கள். பல நூறு வெள்ளி ஆகும், மலிவாக இணையத்தில் பாதி விலைக்கு வரும், தெரியும். ஆனால் இங்கே மின்சைக்கிள் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு முத்திரையோடு, இஎன்15194 என்ற ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்டு, எண் பலகை மாட்டி ஓடுகிற வண்டி. மோட்டார் 250 வாட், உதவி நிற்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், மொத்த எடை 20 கிலோவுக்குள். கூடுதல் தூரத்துக்காகப் பெரிய பேட்டரியோ வெளியே பையில் தொங்கும் இரண்டாவது பேட்டரியோ மாட்டினால் அது சட்டவிரோத மாற்றம். டெலிவரி ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஆசை வருவது எனக்குப் புரிகிறது. அதே மாடலுக்கு இன்னொரு அசல் பேட்டரி வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது அவர்களுக்கு நல்லது. இரண்டும் ஆறிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் இரண்டாயிரம் சுற்றுக்கூட வரும், அதைப் போட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். வரும்தான். ஆனால் அதே கொள்ளளவுக்கு எடை கூடுதல், 20 கிலோ வரம்பு இடிக்கும். ஊரில் உறவுக்காரர்கள் ஓட்டும் மின் ஸ்கூட்டரோடும் ஒப்பிடாதீர்கள். அதில் இருப்பது மூன்று, நாலு கிலோவாட்-மணி பேட்டரி. ஒரு சுற்றுக்கே நூறு கிலோமீட்டர் போல ஓடும் என்பதால் அதன் வருடக் கணக்கு வேறு.

பழைய சைக்கிளைக் கரோசெல் விற்பனைத் தளத்தில் பார்த்து வாங்கப் போகிறீர்களானால், ஓடிய கிலோமீட்டரை அப்புறம் கேளுங்கள். முதலில் பேட்டரியைக் கழற்றி அடியில் ஒட்டியிருக்கும் லேபிளின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். தயாரித்த தேதி அதில் இருக்கும். "எப்போதாவதுதான் ஓட்டினேன், புதுசு மாதிரி" என்று எழுதியிருக்கும் வண்டியைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். மூன்று வருடம் முழு சார்ஜில் பொம்மை மாதிரி நின்ற பேட்டரி, தினம் ஓடியதைவிட மோசமாக இருக்க வாய்ப்பு அதிகம். மேட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர்களுக்கு: பேட்டரியை 50 சதவீதம் போல வைத்து, கழற்றி, அறையின் குளிர்ந்த மூலையில் வைத்துவிட்டுப் போங்கள். நூறு ஏற்றிவிட்டுப் போகாதீர்கள், பூஜ்ஜியத்திலும் விட்டுப்போகாதீர்கள். காவல் பலகையே சொட்டுச் சொட்டாக இழுத்துக்கொண்டிருக்கும். ஊருக்கு எடுத்துப்போகலாமா என்றும் கேட்கிறார்கள். பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரி கைப்பையிலும் போகாது, பெட்டியிலும் போகாது. உங்களுடையது 374.

கடைசியில் தூக்கிப்போடும்போது குப்பைச் சரிவுக் குழாயில் போட்டுவிடாதீர்கள், புளோக்கின் கீழே சைக்கிளோடு விட்டுவிட்டும் வராதீர்கள். 2021 ஜூலை முதல் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கீழ் நடக்கும் மின்கழிவு ஏற்பாட்டில் மின்சைக்கிள்களும் அடக்கம். பேரங்காடிகளில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியின் சின்ன வாய்க்குள் இந்தப் பெட்டி நுழையாது, திணிக்கவும் கூடாது. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். கொண்டுபோகும்போது முனைகளின்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு ஆகாத பேட்டரியிலும் சாவிக்கொத்து உரசினால் பொறி பறக்கும் அளவுக்கு மின்சாரம் இருக்கும்.